அரைப் பேர்

மஸ்கெலியா வாசிகசாலையில்
செத்த பிறகு நடக்கும் நாவல்கள் பதினொன்று.
எட்டு மொழிபெயர்ப்பு, இரண்டு சென்னைப் பதிப்பு.
ஒன்றுக்கு அட்டையே இல்லை,
எழுதியது யாரென்று தெரியாது.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும்
'சமயம்' தட்டில் அடுக்கிவிட்டேன்.
தேடி வந்தவள்தான் சொன்னாள்:
"கதைங்க சேர். சாமி புஸ்தகம் இல்ல."

யோகமலர். ஸ்டோரில் இரவு வேலை, சல்லடை அறை.
அவள் திருப்பித் தரும் பக்கங்களை உதறினால்
மேசையில் மெல்லிய தேயிலைத் தூசி விழும்.
ஒரே மழைக்காலத்தில் பதினொன்றையும் முடித்தாள்.
அதற்கப்புறம்தான் பார்த்தேன்,
ஓரங்களில் பென்சில் எழுத்து.

வெள்ளை வெளிச்சத்தில் ஒரு வாசல்.
பேரேட்டை விரித்து ஒருவன் பெயர் சரிபார்க்கிறான்.
ஓரத்தில்: பேரைப் பிழையா எழுதியிருந்தா?
எங்கப்பாவுக்கு மூணு அட்டையில மூணு பேர்.

ஒருவனுடைய இதயத்தைத் தராசில் வைக்கிறார்கள்.
ஓரத்தில்: ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்களா?

ஆற்றங்கரையில் படகுக்குக் காத்து நிற்கிறார்கள்.
அங்கே பொழுது விடிவதுமில்லை, சாய்வதுமில்லை.
ஓரத்தில்: அப்ப செக்ரோல்ல எப்புடிப் போடுறது,
அரைப் பேரா, முழுப் பேரா?

புத்தகத்தில் கிறுக்கினால் நூறு ரூபாய் தண்டம்.
மூன்று மொழியில் சுவரில் ஒட்டியிருக்கிறது,
ஒட்டியவன் நான்தான்.
ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஒரு பக்கம் அழித்து, ஊதித் தள்ளி,
அடுத்ததைப் புரட்டினால்
கதாநாயகன் பெரிய வீட்டு மாடியில்
நிதானமாகச் செத்துக்கொண்டிருந்தான்.
அவன் தலைமாட்டில் அவள் எழுதியிருந்தாள்:
பதினொண்ணுலயும் செத்தது மூணு லோயர், ரெண்டு டொக்டர்,
பியானோ வாசிக்கிற பொம்பள ஒருத்தி, ஒரு நாய்,
மிச்சம் வாத்தியார்மாரு.
லயத்துல இருந்து இன்னும் ஒருத்தரும் போய்ச் சேரல.

ரப்பரை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த வருடம் மழை ஏமாற்றியது.
நீர்த்தேக்கம் இறங்கி இறங்கி
பழைய டவுன் வெளியே வந்தது.
கோயில் சுவர், பாலத்தின் ஒரு பாதி,
எதையும் பிடிக்காமல் நிற்கும் வேர்கள்.
ஞாயிற்றுக்கிழமை சனம் சனமாய் இறங்கிப் போனோம்.
சோளம் அவித்து விற்றார்கள்.
வெடித்த சேற்றின் மேல் ஐஸ்கிரீம் வேன் ஒன்று
அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டது.

அவளும் நின்றாள். இரவு வேலை முடிந்து தூங்காத முகம்,
கையில் மகனின் ஒற்றைச் செருப்பு.
மற்றது சேற்றுக்குள் போய்விட்டதாம்.
"இது என்ன கடையா இருந்திருக்கும் சேர்?"
நான்கு கல், ஒரு வாசற்படி.
தெரியாது என்றேன்.
படியேறி உள்ளே போனாள்.
உள்ளே என்று அங்கே எதுவுமில்லை.
சாமான் கட்டித் தரட்டும் என்பதுபோல்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

"செத்த ஊருக்கு வாசல்ல ஆள் இல்ல,
பேர் கேக்கல, நிறுக்கல.
பஸ்ஸுக்கு மட்டும் நாப்பது ரூவா" என்றாள்.
சிரித்தாளா என்று பார்ப்பதற்குள்
பையன் சோளம் கேட்டு அழுதான்.

பிறகு மழை வந்தது. ஊர் திரும்ப உள்ளே போனது.
அவளை ராகலைப் பக்கம் ஏதோ ஸ்டோருக்கு
மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

நேற்று தட்டைத் துடைக்கும்போது
அட்டையில்லாத அந்த நாவல் கையில் விரிந்தது.
ஆற்றங்கரை, படகு, அவள் கேள்வி.
அதற்குக் கீழே நீல மையில், வேறொரு கையெழுத்தில்,
கோணல்மாணலாக, எழுதிப் பழகாத கை:

முழுப் பேர்.

பதிவேட்டைப் பார்த்தேன்.
அவளுக்குப் பின் யாரும் எடுக்கவில்லை.
என் பேனா கறுப்பு.
நூறு ரூபாயை இனி யாரிடம் கேட்பது?