ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

வியாசர்பாடி சுரங்கப்பாதை ஏற்றத்தில்
கிளட்ச், மிதித்த காலோடு போய்த்
தரையில் படுத்துக்கொண்டது.
பின்னால் வந்த மாநகரப் பேருந்து
ஹாரனாலேயே என்னைத் தள்ளியது.
குவாலிஸுக்குள் ஆறு பிள்ளைகள், ஒன்பது பைகள்.
"ஆன்ட்டி, வண்டிக்குத் தூக்கம் வருதா?"
முதல் கியரில் வைத்தே சாவியைத் திருப்பி
குலுங்கிக் குலுங்கிப் பெரம்பூர் வந்தேன்.

பதிவேட்டில் புகார் காத்திருந்தது:
ஏழாம் எண் ஜெபசெல்வியின் வண்டி
எட்டாம் எண் இடத்தில் ஒழுகுகிறது.
இப்படிக்கு, எத்திராஜ்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
மல்லாந்து உள்ளே போனேன்.
கறுப்பில்லை, எஞ்சின் ஆயில் இல்லை.
பச்சையில்லை, கூலன்ட் இல்லை.
விளக்கெண்ணெய் நிறம், விரலிடுக்கில் வழுக்கல்.
பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டரைத் துடைத்தேன்.
துணி காய்ந்தே வந்தது.
கியர் பெட்டியின் இடுப்பில்
கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் விலக்க,
முழங்கை வரை வழிந்தது விடை.

கழற்றி ஜி.பி. ரோட்டுக்கு எடுத்துப்போனேன்.
கடைக்காரர் வெயிலில் பிடித்து
ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.
"சுவரே கீறிக் கெடக்கு.
வாஷர் மாத்தினா ரெண்டு மாசம்."
புதுசு ஆயிரத்து நூறு.
பேசி, ஆயிரத்து அறுபது.

பூட்டியாயிற்று. குழாய்க்குள் காற்று.
காற்றை விரட்ட இரண்டு பேர் வேண்டும்.
வாட்ச்மேன் டீக்குப் போயிருந்த நேரம்,
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
சண்டைக்கென்றே இறங்கி வந்தார் எத்திராஜ்.

"ஏறி உக்காருங்க சார்" என்றேன் கீழிருந்து.
சொல்ல வந்தது மறந்து
ஏறி உட்கார்ந்தார்.

அமுக்குங்க.
விடுங்க.
அமுக்குங்க.
அமுக்கிப் பிடிங்க.
நிப்பிளைத் திறந்தேன்.
பிளாஸ்டிக் குழாயில் நுரை, குமிழ், நுரை.
"காலு உள்ள போவுதுங்க!"
போகட்டும், எடுத்துடாதீங்க.
மூடினேன்.
இப்ப விடுங்க.

அவருக்கு என் முகம் தெரியாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஏறுமுன் அவர் கழற்றி வைத்த
செருப்பு ஜோடி.

நடுவில் இரண்டு முறை ஆயில் ஊற்றி
இருபத்து மூன்றாவது அமுக்கலில்
குமிழில்லாமல் வந்தது.
"எதிர்த்து நிக்குது இப்போ" என்றார்,
கைக்குழந்தையின் முதல் பல்லைத்
தடவிப் பார்த்தவர் மாதிரி.

அவர் பக்கெட், என் துணி.
கறை போயிற்று.
போகும்போது
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலிருந்த மஞ்சள் கோட்டில்
ஒரு முழம் கூடவே உரிந்து வந்தது.
பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும்.

வெகுநேரம் நின்று பார்த்தார்.
"பெயிண்ட் செலவு உங்களோடது."
"சரி சார்."
செருப்பை மாட்டிக்கொண்டு
இரண்டு படி ஏறியவர் திரும்பினார்.
"அவசரமில்ல."