சில்லறை நிற்காத இடம்

ஐந்து மணி வண்டி, கடைசி இருக்கை.
பரீட்சைக்கு முந்தின வாரம்.
"நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா"
ஜெசிந்தா முணுமுணுக்க
மாதேஸ்வரி விரல் மடக்குகிறாள்.
சீட்டுக் கிழித்தபடியே
அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள்
பாதி கேட்டுவிட்டேன்.

குறில் தனியாக நின்றால் நேர்.
நெடில் நின்றாலும் நேர், ஒற்று ஒட்டினாலும் நேர்.
குறிலுக்குப் பின்னே இன்னொன்று தொற்றிக்கொண்டால் நிரை.
இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?
ஒற்றை விசில், இரட்டை விசில்.
பதினோரு வருஷமாக
அதைத்தானே ஊதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நிறுத்தங்கள் எல்லாம்
வாயில் பிரிந்து விழுந்தன.
கோ-ரிமே-டு. கூவிளங்காய்.
அடி-வா-ரம். புளிமாங்காய்.
ஏற்-கா-டு: மூன்றும் ஒற்றை விசில்,
மேலே போய் மூச்சு வாங்குகிற மாதிரி.
அஸ்தம்பட்டி நாலசை.
வெண்பா அங்கே நிற்காது.
பஸ் நிற்கும்.
கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஏழு அசை.
ஒரு சீரில் ஏற்ற முடியாது,
லக்கேஜ் போட வேண்டும்.

சட்டையில் குத்தின பேர் இருசப்பன்.
பிரித்துப் பார்த்தேன், நானும் புளிமாங்காய்.
ஜெசிந்தா புளிமா. சிரித்தாள்.
மாதேஸ்வரி தேமாங்கனி.
கனிச்சீர் வெண்பாவுக்கு ஆகாதாம்.
மாம்பழ மண்டி வைத்த ஊரில்
காய்க்கு இடம் உண்டு, கனிக்கு இல்லை.
ஐந்தாவது வளைவு வரை
அவள் எங்களோடு பேசவில்லை.

எதுகை சுலபம்.
முதல் சீட்டில் யாரும் உட்காரலாம்,
இரண்டாவதில் அதே ஆள் வேண்டும்.

தளைதான் ஆளைத் தின்றது.
மாவில் முடிந்தால் நிரையில் எடு,
விளமோ காயோ என்றால் நேரில் எடு.
மூன்று நாள் குழம்பி
டிரைவர் அர்த்தநாரியின் கையைப் பார்த்தேன்.
ஒரு கொண்டை ஊசியை விட்டு வெளியே வரும்போதே
ஸ்டியரிங் அடுத்ததற்குத் தயாராகியிருந்தது.
அவருக்கு வெண்பா என்றால்
கிளீனர் பையன் பேராக இருக்கலாம்.

சீட்டுக் கட்டின் அட்டையில் எழுதினேன்:

ஏறும் வளைவெல்லாம் எண்ணி இறங்கினால்
மாறாமல் மிஞ்சுவது சில்லறை.

ஜெசிந்தா வாங்கி விரல் விட்டாள்.
பதினான்காவது வளைவில் ஒரு லாரிக்கு ஒதுங்கினோம்.
"மேலடி சரியா இருக்குண்ணா.
கடைசில சில்லறை நிக்காது.
அங்க நாள், மலர், காசு, பிறப்பு,
இந்த நாலுல ஒரு ஓசைதான் வரலாம்."

பதினோரு வருஷம்
சில்லறை சில்லறை என்று கத்தின வாய்.
அதைக் கொண்டுபோய் வைக்க
ஒரு வெண்பாவில்கூட இடமில்லை.

ராத்திரி டெப்போவில்
கலெக்‌ஷன் கட்டும் மேஜையில்
ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.
மலர் தட்டியது.
பிறப்பும் தட்டியது. காய்க்குப் பின் நிரை வராது.
மிச்சம் இரண்டு.

மாறாமல் மிஞ்சுவது நாள்.
மாறாமல் மிஞ்சுவது காசு.

ஓசைக்கு இரண்டும் பொருந்தியது.
கொசு கடித்தது. டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது.
காசு என்றே வைத்துக்கொண்டு
பையை உதறி எண்ணினேன்.
பதினேழு ரூபாய் குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
மறுபடி அடியைப் படித்தேன்.
இலக்கணத்தில் பிழை இல்லை.