உருட்டலாம், எறியக் கூடாது

எங்கள் வீட்டில் பந்துக்கான சட்டம்
சுகந்தி வாயால் போட்டது.
ஆசாரத்தில் உருட்டலாம், எறியக் கூடாது.
சமையற்கட்டு வாசற்படி தாண்டினால்
பந்து அவளுடையது, திங்கட்கிழமை வரைக்கும்.
ஒறம்பரை வந்திருக்கும்போது
பந்து என்ற சொல்லே கூடாது.
டியூப்லைட்டை உடைத்தால் பத்து ரூபாய்,
முறுக்கு டப்பாவில் போட வேண்டும்,
யாராக இருந்தாலும்.

அந்த 'யாராக இருந்தாலும்'
தேஜாஸ்ரீ கேட்டுச் சேர்த்தது.
ஏழு வயது. வக்கீலாக வேண்டியவள்.

குடோன் பக்கத்துக் கதவுக்கு மட்டும்
சட்டம் போட்டவன் நான்.
போன ஆடியில், திறந்து கிடந்த கதவு வழியே
நிதர்சன் விட்ட பந்து
மூன்றாம் நம்பர் தறிக்குள் போனது.
நாடா அதை ஒரே அடி அடித்தது.
பாவில் அறுபது இழை போயிற்று.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
ராத்திரி பதினொன்றரை வரை முடி போட்டேன்.
மறுநாள் கதவில் தாழ்ப்பாள்,
இரண்டு பேருக்கும் எட்டாத உயரத்தில்.

தாழ்ப்பாளுக்கு ஆணி அடிக்கும்போதுதான் அவள் கேட்டாள்,
பத்தொன்பது வயதில் தறியிலிருந்து தெறித்த நாடா
என் புருவத்தில் போட்ட தழும்பைப் பார்த்துக்கொண்டே:
"ஏனுங்கப்பா,
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நாடாவ எறிஞ்சுட்டே இருக்கீங்களே,
அது மட்டும் ஊட்டுக்குள்ள இல்லீங்களா?"

அது சோறு கண்ணு, என்றேன்.

"சோறுன்னாலும்
எறியறது எறியறதுதானுங்."

காதில் விழாதவன்போல எழுந்து உள்ளே போனேன்.
பதில் தெரியாத நேரத்தில்
தறிச் சத்தம் போல ஒத்தாசை எதுவுமில்லை.

இப்போது அதுவும் கிடையாது.
கூலி உயர்வு கேட்டு நிறுத்தி
இன்றோடு இருபத்து மூன்று நாள்.
எங்கே இருந்தன இத்தனை சத்தங்கள்?
பொடக்காலியில் குழாய் சொட்டுவது,
அடுத்த வீதிக் குக்கர்,
சுகந்தி அரிசி அளக்கும்போது
டப்பாவின் அடியை டம்ளர் உரசுவது.

பந்தும் கேட்கிறது.
தொப், சுவர். தொப், பீரோ.
தறி ஓடிய காலமெல்லாம்
இவர்கள் எறிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

சுகந்தி பல்லடத்துக்கு
பனியன் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள்.
பகல் பதினோரு மணி.
பந்து உருண்டு என் காலில் முட்டி நின்றது.
பச்சை ரப்பர் பந்து,
நாடா வெட்டிய வாய் இன்னும் பிளந்தபடி.
குனிந்து எடுத்தேன்.
இரண்டும் திட்டுக்குத் தயாராக,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றன.

"பேட்ட இங்க குடு சாமி" என்றேன்.

முதல் பந்தை விட்டேன். இரண்டாவதைத் தட்டினேன்.
மூன்றாவது
நல்ல உயரத்தில், நல்ல வேகத்தில் வந்தது.
இருபத்து மூன்று நாளாகச் சும்மா கிடந்த தோள்.

டியூப்லைட் உடைந்தால்
அப்படி ஒரு வெள்ளைப் பொடி பறக்குமென்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

சீமாறு எடுத்தேன். பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு,
டார்ச் அடித்துச் சந்து பொந்தெல்லாம் கூட்டினேன்.
நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே முறுக்கு டப்பா.
சட்டைப் பையைத் துழாவினேன்:
சங்கக் கூட்டத்து நோட்டீஸ், இரண்டாக மடித்தது.
வேறொன்றுமில்லை.

அவள் யோசித்தாள்.
கட்டிலைவிட்டு இறங்கி, ஆணியில் தொங்கிய
கூலி நோட்டை எடுத்துவந்தாள்.
தேதி, பாவு, மீட்டர், வரவேண்டியது
என்று நான் போட்ட கட்டங்கள்.
கடைசி வரிக்குக் கீழே, காலியாய்க் கிடந்த இடத்தில்
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்:
அப்பா. டியூப்லைட் 1. பத்து ரூபாய் பாக்கி.
கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள்.
அந்த நோட்டில் இதுவரைக்கும்
ஜவுளிக்காரர் மட்டும்தான் பாக்கி.
போட்டேன்.

ஆறே காலுக்கு சுகந்தி வந்தாள்.
செருப்பை விட்டுவிட்டு
சுவிட்சைத் தட்டினாள்.
மறுபடியும் தட்டினாள்.
ஆசாரத்து இருட்டில் மூன்று பேர்,
ஒருவரையொருவர் பார்க்காமல்.