சாக்கு

ஆசிரியர் வழிகாட்டியில் இப்படி இருக்கிறது:
மாணவர் தம் அடையாளத்தை
முகமூடி மூலம் வெளிப்படுத்துவர்.
பாடவேளைகள் ஆறு.

"அடையாளம் எண்டா ஐசியோ மிஸ்?"
கேட்டவன் றொயிற்றன்.
வகுப்புச் சிரித்தது. இல்லையென்று சொன்னேன்.
அதற்குமேல் சொல்ல ஒன்றும் வராமல்
கோதம்பமாப் பசையைக் கிளறினேன்.

கார்த்திகை மழை.
பாசையூரில் கடல் றோட்டுக்கு வந்துவிட்டுத்
திரும்பிப்போன கிழமை.
சப்பாத்து நனையுமென்று அதிபர்
செருப்புக்கு அனுமதி தந்திருந்தார்.
பலூனில் ஒட்டிய பேப்பர் காயவேயில்லை.
காற்றாடிக்குக் கீழே கயிறு கட்டி
முப்பத்தொரு முகங்களைத் தொங்கவிட்டோம்.
எந்த வீட்டிலும் மிஞ்சிக் கிடப்பது
மரண அறிவித்தல் பக்கம்தானே;
யதுர்சிகாவின் நெற்றியில்
இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர்
அரைச் சிரிப்போடு இருந்தார்.
"பெயின்ற் அடிச்சா மறைஞ்சிடுவார் மிஸ்."
மூன்று பூச்சுக்கும் மறையவில்லை.
பிறகு விட்டுவிட்டாள்.
"இருக்கட்டும், பாவம்."

நஸ்மிலா முகத்தை நடுவால் பிரித்தாள்:
ஒரு பாதி புத்தளம், ஒரு பாதி சோனகதெரு.
மூக்கு எந்த ஊரென்று
பக்கத்து மேசையோடு வாக்குவாதம்.
மரியகொன்சி ஒரு பாரைமீன் செய்தாள்.
"இது மீனெல்லோ, முகம் எங்கை?"
"மீனுக்கு முகம் இல்லையோ மிஸ்?"

கபிஷன் வீட்டில் பேப்பர் எடுப்பதில்லை.
நாலாம் பாடவேளை,
யூரியாச் சாக்கில் இரண்டு ஓட்டை வெட்டித்
தலையில் மாட்டிக்கொண்டு
கதவடியில் வந்து நின்றான்.
"எப்பிடி மிஸ்?"
நான் பேசாமல் நின்றதால்
சரியோ என்று கேட்பதுபோல்
மேலும் கீழும்
தலையை ஆட்டினான்.

தொண்ணூற்றாறு. ஒரு மைதானம். எனக்குப் பத்து வயது.
ஆம்பிளைகள் வரிசையாய் நடந்துபோக
ஜீப்பின் பக்கத்தில்
ஒரு சாக்கு உட்கார்ந்திருந்தது.
அண்ணா கடந்தபோது அது ஆடவில்லை.
அண்ணாவுக்குப் பின்னால் வந்தவருக்கு ஆடியது.
அம்மா என் கையை நெரித்து
"முருகா" என்றாள்,
நன்றியாக.
நான் குனிந்து நின்றேன். குனிந்ததால் தெரிந்தது:
சாக்குக்குக் கீழே, இடது செருப்பில்
அறுந்த வாருக்கு நீல வயர் கட்டியிருந்தது.
அந்த வயரை எனக்குத் தெரியும்.
ஒருவருக்கும் சொன்னதில்லை, அண்ணாவுக்குக்கூட.
அந்தக் கால்கள் போன மாதமும்
சந்தையில் எனக்கு முன்னால் நின்று
கத்தரிக்காய் விலை கேட்டன.

ஒன்பது பி வகுப்புக்கு இது தெரியாது.
தெரியவேண்டுமா என்று
வழிகாட்டியிலும் இல்லை.
"சொறியும் கபிஷன், அதைக் கழற்று.
பேப்பர் நான் தாறன்."
எனக்குக் கிடைத்த சாக்கு அவ்வளவுதான்.

கழற்றினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஓம் மிஸ், வாய் வைக்கேல்லை."
கத்தரிக்கோலை எடுத்தான்.
கோணல் வாய், காதுவரை.
ஓரம் பிரியாமல் சிவப்பு நூலால் உதடு தைத்தான்,
மூடாமல்.
திரும்ப மாட்டிக்கொண்டு
றொயிற்றனின் நடையை, றொயிற்றனின் திக்கலை,
அதிபரின் இருமலை எல்லாம் செய்து காட்டினான்.
மேசையில் தட்டித் தட்டி வகுப்புச் சிரித்தது.
நான் பிந்திச் சிரித்தேன்.

ஆறாம் பாடவேளை.
எல்லாரும் மாட்டிக்கொண்டு வரிசையில்.
தபாலதிபரின் ஒரு கன்னம் இன்னும் ஈரம்.
புள்ளித்தாளில் கடைசிக் கட்டம்:
முகமூடியினூடாக மாணவரை
இனங்காண முடிகிறதா?
பேனை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு
ஒவ்வொருவராய்
நான் பார்த்துக்கொண்டு போனது செருப்புகளை.

"மிஸ், மேலை பாருங்கோ"
என்றது பாரைமீன்.