புல எண் இல்லாதது

மார்ச் கணக்கை மூடிய அடுத்த ஞாயிறு,
அமாவாசை கழிந்து இரண்டாம் நாள்.
கடல் இன்றைக்குத்தான் அவ்வளவு தூரம் உள்வாங்கும் என்று
நைனா முகம்மது போனில் சொல்லியிருந்தார்.
பங்குனி வெயில் ஏறுமுன்
ஜாம்புவானோடைத் துறையில் நின்றோம்:
நான், தட்டச்சர் அமலோற்பவம்,
சிக்னல் கிடைக்குமா என்பதைத் தவிர
வேறெதுவும் கேட்காத அவள் மகன் ரோஷன்.
நீச்சல் தெரியாதென்று கலியமூர்த்தி
தன் மாமனாரின் வண்டியிலேயே தங்கிவிட்டார்.

பதினாறு வருஷம் சங்கிலி இழுத்தவள் நான்.
வரப்பையும் வாய்க்காலையும்
எண்ணாக்கித் தருவது பிழைப்பு.
கடலோரச் சேற்றில் இனிக்கும் ஊற்று என்றதும்
என் வாயில் வந்த முதல் கேள்வி
"எந்தப் புல எண்?"
நைனா சிரித்தார்.
"வருஷத்துல நாலு நாழி தெரியுது.
அதுக்கு எதுக்கும்மா நம்பரு?"

கோரையாறு நெடுக அலையாத்தி.
சேற்றில் ஆயிரம் மூச்சுவேர்,
யாரோ அவசரமாய் அளந்து
முளையடித்துவிட்டுப் போனதுபோல.
மோட்டார் நின்றபிறகுதான் தெரிந்தது
இவ்வளவு நேரமும் கத்திப் பேசியிருக்கிறோம்.

முகத்துவாரம்.
கழி ஊன்றினால் முழங்கை ஆழம்.
பிறகு அதுவுமில்லை.
இறங்கி நடந்தோம்.
சேறு முதலில் கணுக்காலைக் கேட்டது,
பிறகு முழங்காலை.
ரோஷனிடம் இடது செருப்பைக் கேட்டு வாங்கித்
திருப்பித் தரவில்லை.
அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
மாதாவையும் என்னையும் மாறி மாறி அழைத்தாள்.
முதலில் காட்டிய இடத்தில் இல்லை.
அடுத்த இடத்தில் சிப்பித்திட்டும்
உடைந்த வலைமிதவையும்.
நைனா காலால் தேடினார்,
கண்ணைக் கடல்மேல் வைத்துக்கொண்டு.
குளிர்ச்சி பாதத்துக்குத்தான் முதலில் தெரியுமாம்.

ஆனால் கண்டது ரோஷன்.
"அங்க மண்ணு கொதிக்குது."

உள்ளங்கை அகலம். அவ்வளவுதான்.
கருஞ்சேற்றின் நடுவே வெள்ளை மணல்
உலையரிசிபோல்
எழுந்து, உட்கார்ந்து, எழுந்து.
பக்கத்தில் இன்னொன்று, ஐந்து ரூபாய்க் காசளவு.
சத்தமில்லை.
இதற்கா இவ்வளவு தூரம் என்று
ஒரு கணம் தோன்றியதை மறைப்பானேன்.

எங்கே விழுந்த மழையோ.
மேட்டூர் திறந்து, கல்லணை பிரித்து,
முறைவைத்துப் பங்கு போட்டு,
மடைக்கு மடை மண்வெட்டி ஓங்கி
நாங்கள் கட்டிக் காத்த வாய்க்காலுக்கெல்லாம் தப்பி
எந்தக் கையொப்பமும் இல்லாமல்
அடிமணலில் நடந்தே வந்து
இங்கே
உப்பின் நடுவில்
தலை நீட்டுகிறது.

குனிந்து குடித்தோம்.
"கரிக்குது" என்றாள் அமலோற்பவம்.
"கேஸ் போன சோடா" என்றான் ரோஷன்.
"போன வருஷம் சக்கரையா இருந்துச்சு" என்றார் நைனா,
தன் வீட்டுச் சமையலுக்கு
மன்னிப்புக் கேட்பவர்போல்.
எனக்கோ முதலில் கரிப்பு,
விழுங்கியபின் மெல்ல
இளநீரின் கடைசி மிடறு.
அதைச் சொல்லவில்லை.
ஒரு பாட்டில் பிடிக்க அரைமணி ஆனது.

கருவியை எடுத்தேன்.
ஆறு செயற்கைக்கோள் சிக்கி
ஏழாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது
நைனா தோளைத் தொடாமல் தொட்டதுபோல்
"தண்ணி திரும்புதும்மா."

ஓசையில்லாமல், நாக்கு நீட்டி, வந்தது.
நீருக்கடியிலும் கொஞ்ச நேரம் மணல் துள்ளியது.
அப்புறம் துள்ளியதா
அலை அசைந்ததா என்று
சாட்சி சொல்ல என்னால் முடியாது.

துறையில் கால் கழுவித் திரும்புவதற்குள்
வரும்போதே கொதித்த வண்டியின் மூடியைத் திறந்து
என் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார் கலியமூர்த்தி.
"வெறும் தண்ணிதானே மேடம்?"
ஆமாம் என்றேன்.
திருத்துறைப்பூண்டி வரை
ஒரு இடத்திலும் நிற்கவில்லை வண்டி.
பின்சீட்டில் ரோஷன்
ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துத் தூங்கினான்.
பாட்டிலின் அடியில்
இரண்டு விரல் மணல்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
எழுந்து உட்கார்ந்தது.