கிளட்ச் கை

முதுநகர் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
பள்ளத்தில் இறங்கிய வண்டி
என்னை மட்டும் இறக்கிவிட்டு நின்றது.
மணிக்கட்டில் இரண்டு இடம்.
மாவுக்கட்டு ஏழு வாரம்.
பிரித்த அன்று பார்த்தால்
வெளுத்து, தோல் உரிந்து,
சாம்பாரில் கிடந்த முருங்கைக்காய் மாதிரி
யாருடையதோ ஒரு கை.

ஷேர் ஆட்டோவுக்கு வலது கை வேகம்.
இடது கைதான் வண்டி.
கிளட்சை அழுத்தி, பிடியை முறுக்கி,
ஒன்று, நியூட்ரல், இரண்டு, மறுபடி ஒன்று.
மஞ்சக்குப்பம் போய்ச் சேர்வதற்குள்
இருநூறு தடவையாவது இருக்கும்.
எண்ணியதில்லை.

அந்தக் கை
ஊறுகாய் பாட்டிலிடம் தோற்றது.
பிழிந்த துணியிலேயே தண்ணீர் இருந்தது.
எனக்குப் பதிலாக வண்டி ஓட்டிய தம்பி குணாளன்
டீசல் போக மீதியை
ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போவான்
என் முகத்தைப் பார்க்காமல்.

பந்து, டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தது.
காய்ந்த எலுமிச்சம்பழம், பழைய ஃப்யூஸ், எஃப்.சி. காகிதம்,
நடுவில் அந்த நீல உருண்டை.
மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் நெரிசலில்
யாரோ பின்சீட்டில் விட்டுப்போனது.
கேட்டு வருவார்கள் என்று வைத்திருந்தேன்.
வரவில்லை.
நானும் அதிகம் விசாரிக்கவில்லை, உண்மையைச் சொன்னால்.

"விளையாட்டுச் சாமான் இல்லக்கா இது"
என்றாள் பெரியாஸ்பத்திரி பிசியோ ஜெசிந்தா.
துளையில் கயிற்றைச் செருகி
பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் சுற்றி
ஒரே இழு.
உள்ளங்கைக்குள் சக்கரம் ஒன்று
தூக்கம் கலைந்து எழுந்தது.

முதல் வாரம் முழுக்க செத்துச் செத்துப் போனது.
இறுக்கிப் பிடித்தால் சாகும்.
அவசரப்பட்டால் கடகடவென்று நடுங்கிச் சாகும்.
பதினாலு வருஷம் முரட்டுக் கிளட்ச் பிடித்தவளிடம்
ஆரஞ்சுப்பழ அளவு உருண்டை ஒன்று
மெதுவா, மெதுவா என்றால்
கோபம் வராதா?

இப்படிச் சாய்த்தால் அது அப்படித் திமிறும்.
திமிறுகிற பக்கமே மணிக்கட்டை விட்டுக்கொடுத்து
ஒரு சுற்று முன்னால் போக வேண்டும்.
டிராஃபிக் போலீஸிடம் பழகிய வழிதான்.
பிடிபட்டதும்
இரண்டாயிரம், மூவாயிரத்து நானூறு என்று
குட்டித் திரையில் எண் ஏறியது.
முழங்கைவரை எறும்பு ஊர்ந்து, அப்புறம் எரிந்தது.
"ராத்திரி பத்து மணிக்கு என்னக்கா சட்னி?"
மாடியிலிருந்து சுலைகா.

கார்த்திகையில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள்.
மூன்று என்றார்கள், பிறகு ஏழு.
மதியமே கரண்டை நிறுத்தினார்கள்.
ஆட்டோவை ஜன்னல் கம்பியோடு கட்டிப் போட்டேன்.
ராத்திரி அடித்த காற்றில்
கடல் பார்த்த ஜன்னலின் கொக்கி பிய்ந்தது.
போன் செத்திருந்தது. தீப்பெட்டி நமுத்திருந்தது.
இருட்டில் கதவு அறைய அறைய
கனிஷ்கா கத்துகிறாள், "கயிறு எங்கம்மா?"

கைக்குக் கிடைத்தது அது.
இழுத்தேன்.
பேட்டரி கிடையாது அதற்கு. சுற்றினால்தான் வெளிச்சம்.
முதலில் விரல் இடுக்கில் நீலம்,
அப்புறம் என் கட்டைவிரல், சுவர், மகளின் கன்னம்,
கொடிக்கயிறு.
அவள் கட்டுகிறாள்.
நான் சுற்றுகிறேன்.
வெளியே ஒன்று சுற்றுகிறது, உள்ளே ஒன்று.
நான் தளர்ந்தால் முடிச்சு மங்கும்.
"இன்னும் ஒண்ணும்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு."
எண் எவ்வளவு என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

காலையில் தெருவெல்லாம் முருங்கைக் கிளை.
கட்டிப்போட்ட வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து
கிளட்சை அழுத்தினேன்.
பிடியோடு போய் ஒட்டியது.
விட்டேன். அழுத்தினேன்.
கனிஷ்கா பல் துலக்கிக்கொண்டே பார்த்தாள்.

இப்போது நானேதான் ஓட்டுகிறேன்.
சட்டைக் கை இறுகும்படி புஜம் வைத்த பையன்கள் ஏறினால்
கேட்டுவிடுகிறேன்,
"மாசிமகத்துல பந்து ஏதாச்சும் விட்டீங்களா தம்பி?"

செம்மண்டலம் திருப்பத்தில்,
இரண்டாவது கியரில்,
எஞ்சின் அதிகமாகச் சத்தம் போடும் இடத்தில்.