ஒன்பது புள்ளி ஒன்று

பூங்கோதை, பெண், நாற்பத்து மூன்று.
முப்பதுக்குக் குறையக் கூடாதது
ஒன்பது புள்ளி ஒன்று என
செக்காலை ரோட்டு லேப் சீட்டில்
தடித்த எழுத்தில் அடித்திருந்தது.
பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.
பின்னால் இன்னோர் ஆறு ஒட்டியிருந்தால்
ஹால்மார்க் என்று சிரித்துக்கொண்டேன்.
நகை பார்த்தே பழகிய கண்.

காரைக்குடியில் அடகு நகை மதிப்பிடுகிறவள் நான்.
பத்தொன்பது வருஷமாக
ட்யூப்லைட்டுக்குக் கீழே உரைகல்லும் நானும்.
ஒன்பதுக்கு ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தால்
இருட்டிய பிறகுதான் ஸ்கூட்டி.

படி இறங்கும்போது
முழங்கால் இல்லை, அதற்கும் உள்ளே
ஏதோ ஒன்று முனகும்.
கொசுவம் மடிக்கக் குனிந்தால்
இடுப்பு ரெண்டாகப் பிளக்கும்.
வயசு என்றார் கணவர்.
தைராய்டு என்றாள் தங்கை.
போனைக் கீழே வை, சரியாயிடும் என்றான் மகன்,
போனிலிருந்து தலை எடுக்காமல்.

டாக்டர் மெய்யம்மை என்னைவிடப் பத்து வயது இளையவள்.
'வெயிலே படறதில்லையா?'
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சித்திரையில் தார் ரோடு
செருப்பைப் பிடித்து இழுக்கிற ஊர்.
ஊருணி அடிமண் வெடித்துக் கிடக்க
கரண்ட் கம்பத்தின் ஒற்றை நிழலுக்குள்
ஆடுகள் வரிசை கட்டி நிற்கிற ஊர்.
இங்கேயா பற்றாக்குறை?

'சாயங்காலம் கண்ணாடிக் கதவு வழியா
என் கால் வரைக்கும் வருமே' என்றேன்.
'கண்ணாடி வழியா வர்றது வெளிச்சம்.
அது உங்க எலும்புக்குக் காணாது.'
சரி,
முலாம் என்று விளங்கிக்கொண்டேன்.

வாரம் ஒரு பாக்கெட், பாலில் கரைத்து, எட்டு வாரம்.
மறக்காமலிருக்க விடுமுறை நாளாகப் பார்த்து
ஞாயிற்றை ஞாயிறன்று குடிக்கிறேன்.
ஆரஞ்சு மிட்டாய் வாசனை.
கொஞ்சம் மாவாக டம்ளரின் அடியில் தங்கிவிடுகிறது;
விரல் விட்டு வழித்து நக்குகிறேன்.

பதின்மூன்று வயதில் தொடங்கியது இது.
குடையை விரி.
ஓரமாகப் போ.
கறுத்துப்போனால் எவன் கட்டுவான்?
கட்டியவர் நல்ல கறுப்பு.
அதை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

எங்கள் கிளை வாசலில் சாத்தையா அண்ணன், செக்யூரிட்டி.
'உங்களுக்கென்னண்ணே, நாள் முழுக்க வெயில்' என்றேன்.
குதிகால் ஆடியிலிருந்து ஊன்ற முடியவில்லை என்றார்,
யாருக்கோ வலிப்பதைச் சொல்வதுபோல.
லேபுக்குப் பணம் நான்தான் கட்டினேன்,
திருப்பித் தருவதாக மூன்று தடவை சத்தியம் செய்தபின்.
அவருக்கு ஏழு.

முழுக்கை நீலச் சட்டை,
கழுத்து வரை பட்டன், தொப்பி, பூட்ஸ்.
இத்தனை வருஷ வெயிலும்
கம்பெனியின் மேல்தான் பட்டிருக்கிறது.

இப்போது மதியம் பன்னிரண்டு இருபதுக்கு
ஆள் மாற்றிவிட்டு மொட்டை மாடிக்கு வருகிறோம்.
தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர்,
யாரோ காயப்போட்டு மறந்த ஒரு சாக்கு.
மேனேஜருக்குத் தெரியாது.
அவர் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டுவார்.
உள்ளே இன்னொரு ஆளின் கை இருக்கும்,
வெளிறி, கூச்சப்பட்டு.
நான் தோளிலிருந்து முந்தானையை ஒதுக்கும்போது
குன்றக்குடி இருக்கிற திசைக்குத் திரும்பிக்கொள்வார்.
பேச ஒன்றுமில்லை.
பதினைந்து நிமிஷத்துக்கு போனில் அலாரம்.
திருட்டு பீடி குடிக்க வந்த
ரெண்டு பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி நிற்கிறோம்.

அம்மா வீடியோவில் பார்த்து
'என்னடி இப்படிக் கறுத்துட்டே' என்றாள்.
'ஆமா' என்றேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை, ரெண்டு பேரும்.

ஆறாவது பாக்கெட் நேற்று.
மறுபடி ரத்தம் கொடுக்கவேண்டும்,
மாசக் கடைசி, பார்க்கலாம்.
இன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து
கடைசிப் படியில்தான் கவனித்தேன்,
கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை.

'ஏதும் வச்சிட்டு வந்துட்டீங்களா?'
என்றார் சாத்தையா அண்ணன்.
இல்லையென்று தலையாட்டிவிட்டு
மறுபடி ஏறினேன்.
ஒரு தடவை உரசியதை
நான் நம்புவதில்லை.